வலுவிழந்த புயலும் வடசென்னையும்: கனமழையையும் வெள்ளத்தையும் முன்கூட்டி அறியும் முறை

‘புயல் வலுவிழந்து தாழ்வு மண்டலமானது’ என்று செய்தி வாசித்ததும், கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வலுவிழந்தது என்ற சொல்லைக் கேட்டால் ஆபத்து நீங்கியது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வலு என்று வானிலை ஆய்வு மையம் குறிப்பிடுவது காற்றின் வேகத்தை மட்டுமே. மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை காற்று சுழன்றால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல். 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். இந்த ஏணியின் எந்தப் படியிலும் மழையின் அளவுக்கு இடமே இல்லை.

2016 டிசம்பர் 12 அன்று கடந்த வர்தா புயலை நினைத்தால் சென்னைவாசிகளுக்கு ஞாபகம் வருவது சாய்ந்த மரங்கள்தான். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது வங்கக் கடலில் பெயர் சூட்டப்பட்ட புயல் எதுவும் இல்லை. 2021 நவம்பர் 6 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்ததும் புயலால் அல்ல. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், அதன்பின் வலுக்குறைந்து நகராமல் அங்கேயே நின்றதால் மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. பதிவானது. 2025 டிசம்பர் தொடக்கத்தில், இலங்கையைச் சூறையாடிவிட்டு வந்த டிட்வா நம் கடலோரத்தில் வலுவிழந்து தயங்கி நின்றபோது நனைந்த நாள்களை வடசென்னையில் யாரும் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

பலவீனமான சுழல் இப்படிப் பெய்வதற்குக் காரணம் உண்டு. வலுவான புயலில் மேகங்கள் மையத்தைச் சுற்றி இறுக்கமாகத் திரண்டிருக்கும். மையம் போகும் இடத்துக்குத்தான் பெருமழையும் போகும். பலவீனமான சுழலிலோ, மேல்மட்டக் காற்று மேகக்கூட்டத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவதால், மையம் கடலூருக்கு நேரே கடலில் இருக்க, கனத்த மேகம் நூற்றைம்பது கி.மீ. வடக்கே எண்ணூருக்கு மேலே நிற்கலாம். மையத்துக்கு வடக்குப் பக்கத்தில் கீழைக்காற்று கடலின் ஈரத்தை அள்ளி வந்து கரையில் மோதும். நிலத்தில் உராய்ந்து வேகம் குறைந்த காற்றின்மேல் பின்னால் வரும் காற்று ஏறும். அந்த நெரிசலில் கரையோரத்திலேயே மேகம் புதிது புதிதாகப் பிறந்துகொண்டிருக்கும். கத்திவாக்கத்தில் எதிர்வீடு தெரியாமல் கொட்டும் அதே நேரத்தில் அம்பத்தூர் நண்பர் “இங்கே தூறல்தானே” என்று சொல்வது இதனால்தான்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி

அறிக்கையை எடுத்தால், காற்று எத்தனை கி.மீ. வேகத்தில் வீசும் என்ற வரிக்கு முன்பாக, ‘கடந்த 6 மணி நேரத்தில் மணிக்கு இத்தனை கி.மீ. வேகத்தில் நகர்ந்து’ என்று வரும் வரியைத் தேடிப் படியுங்கள். அதுதான் சுழலின் நடை. அது மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் இருந்தால் ஒரே இடத்தில் நின்று பெய்ய அதற்கு நேரம் இருக்காது என்று ஓரளவு நம்பலாம். அந்த எண் 10, 7, 5 என்று அறிக்கைக்கு அறிக்கை இறங்கினாலோ, ‘கிட்டத்தட்ட நகராமல் நிலைகொண்டுள்ளது’ என்ற சொற்றொடர் வந்தாலோ, அன்றைய தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் செய்தது இதைத்தான். அது கரையேறிய இடம் ஆந்திரத்தின் பாபட்லா. அதற்கு முன் நம் கரைக்கு அருகில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்ததால் மூழ்கியது நாம். ஆகவே ‘எங்கே கரையைக் கடக்கும்’ என்ற கேள்வியை இரண்டாம் இடத்தில் வையுங்கள்.

திசையையும் அதே வரியில் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவைத்தார்கள். நான் குளிர்பதனப் பெட்டியை இரண்டு மரப் பெஞ்சுகளின்மேல் ஏற்றிவைத்தேன். முந்தைய நாள் வெளுத்துக்கட்டிய மழை அன்று அநேகமாக வரவில்லை. மழை மேகம் வடக்கே ஆந்திரப் பக்கம் விலகியது. தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி விடியலில் சென்னைக்குச் சற்று வடக்கே அமைதியாகக் கரையேறியது. பெட்டியைக் கீழே இறக்க உதவிய மைத்துனர் வைத்த முகத்தை இங்கே விவரிக்க விரும்பவில்லை. பலவீனமான சுழலுக்கு உறுதியான மையம் இல்லாததால் ஐம்பது, அறுபது கி.மீ. பிசகு என்பது அதன் இயல்பு. அந்தப் பிசகுக்குள் வடசென்னை முழுவதும் அடங்கிவிடும். முன்னறிவிப்பு தவறியது என்று கோபப்படுவதைவிட, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய அறிக்கையைப் பழையதன் பக்கத்தில் வைத்து, மையம் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பார்ப்பதே பயன்தரும்.

கணினி மாதிரிப் படங்களை வின்டி போன்ற செயலிகளில் பார்ப்பவர்கள் ஐரோப்பிய மாதிரி, அமெரிக்க மாதிரி இரண்டையும் பாருங்கள். இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் ஒரு நாள் முன்பே தயாராகலாம். ஆளுக்கொரு கதை சொன்னால், எது நமக்குப் பிடித்த கதை என்று தேர்ந்தெடுக்காமல், கெட்ட கதைக்குத் தயாராக இருப்பது நல்லது.

அறிக்கைச் சொற்களின் எடை

வானிலை அறிக்கையில் வரும் சொற்கள் அளந்து வைத்தவை. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை, மிகக் கனமழை என்றால் 12 முதல் 20 வரை, அதி கனமழை என்றால் 20க்கு மேல். நம் மாவட்டத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் பெரும்பாலும் இந்த மூன்று படிகளையே குறிக்கின்றன. ‘ஓரிரு இடங்களில்’ என்பதற்கும் ‘பெரும்பாலான இடங்களில்’ என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது: முன்னது மழைமானிகளில் கால்பங்குக்கு உட்பட்டவை, பின்னது முக்கால்பங்குக்கு மேற்பட்டவை. ‘ஓரிரு இடங்களில் அதி கனமழை’ என்றால், யாரோ சிலருடைய தெருவில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டும், யாருடையது என்று இப்போது சொல்ல முடியாது என்று பொருள். பலவீனமான சுழல்களின்போது இந்தச் சொற்றொடர்தான் அதிகம் வரும். அதைப் படித்துவிட்டு ‘ஓரிரு இடம்தானே’ என்று விட்டுவிடுபவர்களே அதிகம்.

செய்தியில் வரும் மழை அளவு முந்தைய நாள் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது என்பதையும் நினைவில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோர மழை பெரும்பாலும் பின்னிரவில் தொடங்கி விடியலில் உச்சம் தொடும். காலை ஒன்பது மணிக்கும் தொடர்ந்தால் ஒரே மழை இரண்டு நாள் கணக்கில் பிரிந்து, இரண்டு நாளும் சிறியதாகத் தோன்றும்.

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசிமேட்டிலும் எண்ணூரிலும் வளர்ந்தவர்கள் கூண்டு எண்ணை வைத்தே ஆபத்தை அளப்பது வழக்கம். அந்த எண்கள் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் காற்றைப் பற்றிச் சொல்பவை. 1ஆம் எண் தொலைதூர முன்னெச்சரிக்கை. 3ஆம் எண் துறைமுகத்தில் திடீர்க் காற்றோடு கூடிய மழை மிரட்டுவதைச் சொல்வது. 3ஆம் எண் கூண்டு ஏறிய நாளிலும் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கலாம். கடலுக்குப் போவோருக்கு அது கட்டளை. தெருவில் தண்ணீர் வருமா என்று அறிய அதைப் பார்த்துப் பயனில்லை.

ரேடாரைப் படிப்பது

மழைக்கு முந்தைய மூன்று மணி நேரத்துக்கு ரேடாரைவிட நல்ல கருவி சாமானியரிடம் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் ஒரு டாப்ளர் ரேடார் இருக்கிறது. பள்ளிக்கரணையிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் மேலும் இரண்டு உள்ளன. படங்கள் வானிலைத் துறையின் இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. முதலில் படத்தின் நேரத்தைப் பாருங்கள். அது சர்வதேச நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும், இரவு 8.30க்கு எடுத்த படத்தில் 15.00 என்று இருக்கும். இதைக் கவனிக்காமல் மூன்று மணி நேரத்துக்கு முந்தைய படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஊரைக் கலக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

படத்தின் ஓரத்து நிற அட்டவணையில், மழையிலிருந்து திரும்பும் எதிரொலியின் வலிமையைக் காட்டும் எண் 20க்குக் கீழ் என்றால் தூறல், 40ஐத் தாண்டினால் குடை தாங்காது, 50ஐத் தொட்டால் தெருவிளக்கு தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே படத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரத்துப் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தால் இரண்டு வேறு அசைவுகள் தெரியும். மழைப்பட்டைக்குள் இருக்கும் ‘செல்கள்’, அதாவது தனித்தனி மழைமேகத் திரள்கள், ஒரு திசையில் ஓடும்; பட்டை முழுவதுமாக வேறொரு திசையில் நகரும், அல்லது நகராமலே இருக்கும். இதைப் புரிந்துகொள்ளக் கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றிருந்தாலே போதும். சரக்கு ரயிலின் இன்ஜின் கடந்துவிட்டது என்று வண்டியைக் கிளப்புபவர் யாரும் இல்லை. பின்னால் ஐம்பது பெட்டிகள் வருகின்றன. கடலிலிருந்து செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே தண்டவாளத்தில் வந்து கொண்டிருந்தால், தலைக்குமேல் இருப்பது விலகிவிட்டது என்பதால் மழை முடிந்ததாக ஆகாது. பட்டையின் கடைசிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கடலுக்குள் கண்ணை ஓட்டுங்கள். கடலில் 60 கி.மீ. தூரத்தில் பட்டை முடிகிறது, செல்கள் பத்து நிமிடத்துக்கு 5 கி.மீ. வருகின்றன என்றால், இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அந்தக் கடைசிப் பெட்டிக்குப் பின்னாலேயே புதிது பிறக்கிறது என்றால் கணக்கே வேண்டாம்.

வடசென்னைக்காரர்களுக்கு மட்டுமான சிக்கல் ஒன்று உண்டு. எந்த ரேடாராலும் தன் தலைக்கு நேர் மேலே பார்க்க முடியாது. துறைமுக ரேடார் நமக்கு மிக அருகில் இருப்பதால், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மழையைப் படத்தில் குறைவாகக் காட்டக்கூடும். அப்போது ஸ்ரீஹரிகோட்டா ரேடாரின் படத்தையும் சேர்த்துப் பாருங்கள்; அது வடக்கே தள்ளி நிற்பதால் நம் வானத்தைப் பக்கவாட்டில் நன்றாகக் காண்கிறது. செயற்கைக்கோள் படமோ மேகத்தின் உச்சியைத்தான் காட்டும். அந்தப் பெரிய வெள்ளைத் திட்டுக்குக் கீழே எங்கே பெய்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கருவி கைகொடுக்காதபோது காற்றைப் பாருங்கள். காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வு மண்டலம் உங்கள் இடக்கைப் பக்கம், சற்று முன்புறமாக இருக்கும். வாடை, அதாவது வடக்கிலிருந்து காற்று வீசினால் சுழல் இன்னும் கிழக்கே கடலில் இருக்கிறது. காற்று கொண்டலாக, அதாவது கிழக்கிலிருந்து வரத் தொடங்கினால் அது நமக்குத் தெற்கே இருக்கிறது. ஈரக்காற்று நேராக நம்மீது பாய்வதால் மழைக்கு இதுதான் மோசமான நிலை. கச்சான் திரும்பி மேற்கிலிருந்து வீசினால் சுழல் நமக்கு வடக்கே போய்விட்டது. மாடித் தென்னையின் மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று இரவில் டார்ச் அடித்துப் பார்த்தாலே இது தெரியும்.

மாடியில் ஒரு டப்பா

மாநகராட்சி மண்டலங்களில் மழைமானிகள் இருக்கின்றன. மணலி, கத்திவாக்கம், திருவொற்றியூர், மாதவரம் அளவுகள் செய்திகளில் வருகின்றன. இருந்தாலும் உங்கள் தெருவின் மழையை நீங்களே அளப்பதற்கு ஈடில்லை. பக்கங்கள் செங்குத்தாக உள்ள, தட்டையான அடிப்பாகம் கொண்ட எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கைப்பிடிச் சுவரிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் தள்ளி வைத்து, கவிழாமல் செங்கல் முட்டுக் கொடுங்கள். மணிக்கு ஒருமுறை பள்ளிக்கூட ஸ்கேலை விட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். விளிம்பு விரிந்த வாளி உதவாது.

இந்த மணிக்கணக்குதான் முக்கியம். ஒரு நாள் முழுவதும் பரவிப் பெய்யும் 10 செ.மீ. வடிந்துவிடும், அதே 10 செ.மீ. மூன்று மணி நேரத்தில் விழுந்தால் வடிகால் திணறும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை என்றால் சுமார் 9,300 லிட்டர், கோடையில் தெருமுனைக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் அளவு. ஒவ்வொரு வீட்டு மாடியிலிருந்தும் ஒரு லாரித் தண்ணீர் ஒரே நேரத்தில் தெருவில் கொட்டுவதாக எண்ணிப் பாருங்கள். என் குறிப்பேட்டின்படி எங்கள் தெருவில் மணிக்கு 3 செ.மீ. வரை தண்ணீர் ஓடிவிடும். 4ஐத் தாண்டி அது இரண்டாவது மணி நேரமும் தொடர்ந்தால் முதல் படி நனையும். உங்கள் தெருவின் எண் வேறாக இருக்கும். இரண்டு பருவமழை அளந்தால் கிடைத்துவிடும். பின்னிரவு இரண்டு மணிக்கு ஒரு கையில் குடையும் மறு கையில் டார்ச்சுமாக நான் குனிந்து நிற்பதைப் பார்த்து எதிர்மாடிக்காரர் “இன்னா சார், டப்பா ரொம்பிச்சா?” என்று கேட்பார். முதல் ஆண்டு அது கிண்டல். மிக்ஜாமுக்குப் பிறகு அவர் உண்மையாகவே கேட்கிறார்.

தண்ணீர் போகும் வழி

எவ்வளவு பெய்தது என்பது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி, பெய்தது எங்கே போகிறது என்பது. வடசென்னையில் இரண்டு வகை வெள்ளம் உண்டு. இரண்டுக்கும் கண்காணிப்பு முறையே வேறு. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம், கொடுங்கையூர்ப் பகுதிகளில் வருவது மழை பெய்துகொண்டிருக்கும்போதே தேங்கும் வெள்ளம். மணலி புதுநகர், இடையன்சாவடி, சடையங்குப்பம், கொசப்பூர்ப் பக்கம் வருவது ஆற்று வெள்ளம்; அது மழை விட்டு, வெயிலடித்த பிறகும் வரும்.

முதல் வகையைப் பார்ப்போம். ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர்க் கால்வாய் ஆகிய மூன்றும் பக்கிங்காம் கால்வாயில் சேர்கின்றன. பக்கிங்காம் கால்வாயின் வடபகுதி எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கிப் போகிறது. ஆக, நம் தெருத் தண்ணீர் வடிவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது கடல். ஓதம், அதாவது கடலின் அன்றாட ஏற்றவற்றம், ஏறியிருக்கும்போது, அதிலும் கிழக்குக் காற்று கடலைக் கரைமேல் தள்ளும்போது, கால்வாய் நீர் இறங்க இடமின்றி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கரையில் கடல்மட்டமே மற்ற மாதங்களைவிடச் சற்று உயர்ந்திருக்கும்; அமாவாசையோ பௌர்ணமியோ சேர்ந்தால் ஓதம் இன்னும் கூடும். சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள். நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளும். ரேடாரில் பட்டை வந்து சேரும் நேரமும் ஓதம் உச்சம் தொடும் நேரமும் ஒன்றாக விழுந்தால், எங்கள் வீட்டில் அடுத்த வேலை தரையில் உள்ள அரிசி மூட்டையைத் தூக்குவதுதான். முகத்துவாரத்தில் மணல் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை எண்ணூர்க் குப்பங்களில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். படகை அதன் வழியே கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள் அவர்கள்.

கண்ணால் காணும் அடையாளம் ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சிறு பாலத்தில் நின்று கேப்டன் காட்டன் கால்வாயில் மிதக்கும் ஆகாயத்தாமரையைப் பார்ப்பேன். அது வழக்கமான திசையில் போனால் கவலையில்லை. ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நின்றால் ஓதம் பிடித்திருக்கிறது. எதிர்த்திசையில் வரத் தொடங்கினால், பக்கிங்காம் கால்வாய் நம்மைவிட உயர்ந்துவிட்டது. இனி வடிகால் வழியே தண்ணீர் வெளியே போகாது, உள்ளே வரும். அதன் பிறகு சிறிது நேரத்தில் குளியலறையின் தரைக்குழாயில் ‘களக் களக்’ என்று சத்தம் கேட்கும். வாசல் காய்ந்திருக்கையில் வீட்டுக்குள் முதலில் நனைவது அந்த மூலைதான். தரைக்குழாயின் வாயில் துணி சுற்றிய மணல் மூட்டையை வைத்தால் பெருமளவு தடுக்கலாம்.

இரண்டாவது வகைக்கு ஏரிகளைப் பார்க்க வேண்டும். மழை வந்தால் தொலைக்காட்சி முழுக்கச் செம்பரம்பாக்கம்தான். செம்பரம்பாக்கத்து உபரி அடையாற்றில் போகிறது. வடசென்னைக்கு அதனால் ஒன்றுமில்லை. நாம் பார்க்க வேண்டியவை பூண்டியும் புழலும். 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள பூண்டியின் உபரி, கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கம், காரனோடை, சீமாவரம், வெள்ளிவாயல்சாவடி, நாப்பாளையம் வழியாக இடையன்சாவடிக்கும் மணலி புதுநகருக்கும் வந்து எண்ணூரில் கலக்கிறது. 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள புழலின் உபரிக் கால்வாய் வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி வழியாகச் சடையங்குப்பத்தை அடைகிறது. சோழவரத்து நீரும் புழலுக்குத்தான் வரும்.

குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் ஏரிகளின் இருப்பும் நீர்வரத்தும் நாள்தோறும் கிடைக்கும். ஒரு சின்னக் கணக்கைக் கற்றுக்கொண்டால் போதும்: வினாடிக்கு 1,000 கன அடி என்பது ஒரு நாளில் 86.4 மில்லியன் கன அடி. புழலில் 2,900 மில்லியன் கன அடி இருக்கிறது, வரத்து வினாடிக்கு 2,000 கன அடி என்று வைத்துக்கொள்வோம். மீதி இடம் 400. ஒரு நாள் வரத்து ஏறத்தாழ 173. இரண்டு நாளுக்குச் சற்று மேல் தாங்கும். ஆனால் நிரம்பும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். மழை எச்சரிக்கை இருந்தால் முன்னதாகவே மதகைத் திறப்பார்கள். ஆகவே உங்கள் கணக்கில் ஒரு நாளைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பூண்டிக்கு வரும் நீர் சென்னை மழையால் வருவதல்ல. ராணிப்பேட்டை மாவட்டத்திலும் ஆந்திரத்தின் நகரிப் பக்கத்திலும் பெய்வதும், அங்குள்ள கிருஷ்ணாபுரம் அணையில் திறப்பதும்தான் கொசஸ்தலையை நிரப்புகின்றன. தாழ்வு மண்டலம் கரையேறி, ‘கடந்துவிட்டது’ என்று நாம் மூச்சுவிடும் நேரத்தில், அது அந்த மேட்டுப் பகுதியில்தான் தன் கடைசி மழையைக் கொட்டிக்கொண்டிருக்கும். பிச்சாட்டூர் அணை திறக்கப்பட்டது என்ற செய்திக்கு மணலிக்காரர்கள் பதற வேண்டாம். அது ஆரணியாற்றில் போய்ப் பழவேற்காட்டில் சேர்கிறது.

2021 நவம்பர் 19 விடியலில் ஒரு தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையேறியது. நகரில் அச்சுறுத்திய அளவுக்கு மழை இல்லை. மேற்கேயோ பாலாறும் கொசஸ்தலையும் பெருக்கெடுத்தன. பூண்டியிலிருந்து வினாடிக்கு 30,000 கன அடிக்கும் மேல் திறக்கப்பட்டது. மணலி புதுநகரில் இருக்கும் என் அக்காவைத் தொலைபேசியில் அழைத்துப் பொருள்களை மேலே ஏற்றச் சொன்னேன். “மழையே விட்டுடுச்சு, வெயில் அடிக்குது, இப்போ எதுக்குடா ஏத்தணும்?” என்றார். “பூண்டியில திறந்துட்டாங்க, அக்கா. தண்ணி இன்னும் வழியிலதான் இருக்கு” என்றேன். சலித்துக்கொண்டேதான் ஏற்றினார். தண்ணீர் வந்தபோது துணி துவைக்கும் இயந்திரத்தைத் தவிர எல்லாம் மேலே இருந்தது. அன்றிலிருந்து அவர் வீட்டில் வானிலைச் செய்தியைவிட ஏரிச் செய்திக்கு மரியாதை அதிகம். திறப்பு அறிவிப்பு வந்த நேரத்தையும் தெருமுனையில் தண்ணீர் தெரிந்த நேரத்தையும் நாள்காட்டியின் பின்பக்கம் எழுதிவைக்கிறார். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரமே அந்தப் பகுதிக்குக் கிடைக்கும் அவகாசம்.

இரவுக்கு முன் செய்ய வேண்டியவை

மிக்ஜாமின்போது மின்சாரத்துக்குப் பிறகு கைபேசிச் சிக்னலும் போனது. மேலே சொன்ன எல்லாப் படங்களும் அத்தோடு கண்ணை மூடிக்கொண்டன. ஆகவே ஓத நேரம், ஏரி இருப்பு, கடைசி ரேடார் நிலவரம் மூன்றையும் மாலையிலேயே ஒரு தாளில் எழுதிவையுங்கள். பேட்டரியில் ஓடும் வானொலி ஒன்று வேண்டும். மின்சாரம் உள்ள ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம், மணிக்கொருமுறை ரேடாரைப் பார்த்து இரண்டு வரிக் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். இணையம் செத்த பிறகும் குறுஞ்செய்தி சில நேரம் வந்து சேரும். மாநகராட்சிக்கு 1913, மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, மின்தடைக்கும் அறுந்த கம்பிக்கும் 94987 94987 ஆகியவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

தண்ணீர் கடைசிப் படிக்கு வருவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். கை நனைந்த பிறகு அதைத் தொடக்கூடாது. தெருவோர மின்பெட்டியைச் சுற்றித் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். கணேசபுரம், மாணிக்கம் நகர் போன்ற சுரங்கப்பாதைகளில் தண்ணீரின் ஆழம் இரவில் தெரியாது. முன்னால் போன லாரி கடந்ததை வைத்து ஆட்டோவோ இருசக்கர வாகனமோ இறங்கக்கூடாது. முதியவர்களையும் கைக்குழந்தை உள்ளவர்களையும் இடம் மாற்றுவதாக இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே மாற்றுங்கள். மணலிப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வரலாம். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரம் வரை அது படிந்ததைப் பார்த்தோம். அந்த நீரில் நடந்தவர்கள் சோப்புப் போட்டுக் கழுவும்வரை குழந்தையைத் தூக்க வேண்டாம்.

எப்போது படுக்கப் போகலாம்

கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இருப்பவர்கள், காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கி, ரேடாரில் கடல்பக்கம் நூறு கி.மீ.க்குப் பட்டை எதுவும் இல்லாமல், ஓதமும் ஒருமுறை இறங்கி முடித்த பிறகு படுக்கலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் யாராவது ஒருவர் விழித்திருப்பது நல்லது; எங்கள் வீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்கிறோம். மணலி புதுநகர்க்காரர்களுக்கு வானம் வெளுத்ததெல்லாம் கணக்கில்லை. பூண்டி, புழல் இரண்டிலும் திறப்பின் அளவு அடுத்தடுத்த இரண்டு அறிவிப்புகளில் குறைந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும், கடைசியாகப் பெரிய அளவில் திறந்த தண்ணீர் ஊரைத் தாண்டும்வரை, மேலே ஏற்றிய பொருள் மேலேயே இருக்கட்டும். தண்ணீர் வந்து போயிருந்தால், சுவரில் ஈரக்கறை காய்வதற்குள் பென்சிலால் கோடு போட்டுத் தேதியையும் மழை அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் மாடிப்படிச் சுவரில் மூன்று கோடுகள் இருக்கின்றன. மேலே உள்ளது 4.12.2023. வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த ஒரு முழம் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறோம்.